பிக்கிள்பாலில் முன்கை அடி

வெளிமாநிலங்களில், அதிலும் பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் தமிழன்பர்கள் அண்மைக் காலமாக மாலை வேளைகளில் ஒரு புதிய ஓசையைக் கேட்டிருப்பார்கள். மூடிய கதவை யாரோ விரல் முட்டியால் விட்டுவிட்டுத் தட்டுவது போன்றது அவ்வோசை. எட்டிப் பார்த்தால், இறகுப்பந்துக் களத்தில் வலையைத் தாழ்த்திக் கட்டி, துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பந்து ஒன்றை நால்வர் பலகை மட்டைகளால் மாறி மாறி அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு வயது 15 இருக்கும். அவருடைய கூட்டாளிக்கு 65 இருக்கும். அதுவே பிக்கிள்பால் என்னும் ஆட்டம்.

பெயரைக் கேட்டதும் ஊறுகாய் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் ஊறுகாய் ஜாடிக்கும் இந்த ஆட்டத்துக்கும் நேரான உறவு ஏதும் இல்லை. 1965-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகேயுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்டு என்பவரின் வீட்டுப் பிள்ளைகள் பொழுது போகாமல் அலைந்தார்கள். வீட்டருகே பழைய இறகுப்பந்துக் களம் இருந்தது. ஆடுதற்கு வேண்டிய கருவிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிரிச்சர்டும் அவர் நண்பர் பில் பெல்லும் மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு ஓர் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். பார்னி மக்கல்லம் என்ற நண்பர் பிறகு சேர்ந்து, விதிகளை வகுப்பதிலும் மர மட்டைகள் செய்வதிலும் துணை நின்றார். நம் நாட்டில் இதைப் பரப்ப முன்நின்றவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வலாவல்கர். 2008-இல் அகில இந்தியப் பிக்கிள்பால் சங்கம் தோன்றியது.

ஆடுகளம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. இரட்டையர் இறகுப்பந்துக் களத்தின் அளவே இது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வலைக்கு இருபுறமும் 7 அடி அகலமுள்ள பகுதியை ஆட்டக்காரர்கள் ‘கிச்சன்’ என்பார்கள். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அந்தரத்தில் அடித்தல் கூடாது. சர்வீஸாக வரும் பந்து தரையில் ஒருமுறை பட்டு எழ வேண்டும். அதைத் திருப்பியடித்த பந்தும் மறுபுறத்தில் அவ்வாறே பட்டு எழ வேண்டும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் தொடக்கத்திலும் இரு தரப்பாரும் தரையிலிருந்து எழும் பந்தை அடித்தே தீர வேண்டியிருக்கிறது. அவ்விடத்தில் மிகுதியும் கைகொடுப்பது ஃபோர்ஹாண்ட் டிரைவ் என்னும் முன்கை அடி. வலங்கையர் தம் வலப்பக்கத்தில் எழும் பந்தை, வலைக்குச் சற்றே மேலாக, விரைவாகவும் தாழ்வாகவும் செலுத்துவது அது.

இவ்வடியைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, அதை நெடுநாள் தவறாக அடித்தது ஒன்றே. இளமையில் தஞ்சைப் பக்கத்தில், கம்பளிப் பந்து கொண்டு ஐவர் ஐவராக ஆடும் பூப்பந்தில் பழகியவன் நான். புனேயில் பணி ஓய்வுக்குப் பின் பிக்கிள்பால் களத்தில் இறங்கியபோது, பழைய கை இருக்கிறதே என்ற துணிவோடு இறங்கினேன். பந்தின் எடையிலும் பெரிய வேற்றுமை இல்லை. பூப்பந்து 27 முதல் 30 கிராம், இது 22 முதல் 26 கிராம். ஆனால் நான் அடித்த பந்துகளுள் பாதி களத்துக்கு வெளியே போயின; மீதியில் பாதி வலையில் விழுந்தன. இன்னும் ஓங்கி அடித்தேன். மூன்றாம் மாதத்தில் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கி, தண்ணீர்ச் செம்பைத் தூக்குவதும் துன்பமாயிற்று.

என்னோடு ஆடுபவர்களுள் கீழ்த்தளத்தில் வசிக்கும் மராட்டிய அம்மையார் ஒருவர் உண்டு. அவரை யாவரும் ‘தாயி’ என்றே அழைப்பர். மராட்டியில் அது அக்காள் என்று பொருள்படும். தமிழ்ச் செவிக்கு வேறு வகையாக இனிப்பது தனி. அவர் ஒருநாள் என்னிடம், “அண்ணா, பந்து இங்கே வரும்போது உங்கள் மட்டை எங்கே போய்விடுகிறது?” என்று கேட்டார். கேட்டபின்தான் பார்த்தேன். மட்டை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

என் தவறு முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கியிருந்தது. பூப்பந்து தரையில் படாமல் அந்தரத்திலேயே அடிக்கப்படுவது. நரம்பு கட்டிய மட்டை பந்தைச் சற்றே உள்வாங்கி வெளியே தள்ளும். மணிக்கட்டைச் சுழற்றி வெட்டினால் போதும். பிக்கிள்பால் மட்டையோ நரம்பில்லாத கெட்டிப் பலகை. பந்து அதன்மீது தங்கும் நேரம் மிக மிகச் சிறிது. அந்தச் சிறு நேரத்தில் மணிக்கட்டு அசைந்தால், மட்டையின் முகம் எத்திசையில் இருந்தது என்பது அடித்தவருக்கே தெரியாது. மேலும் பந்து தரையிலிருந்து உயர எழுவதில்லை. 78 அங்குல உயரத்திலிருந்து கருங்கல் பலகைமீது விழவிட்டால் 30 முதல் 34 அங்குலமே எழ வேண்டும் என்பது பந்துக்கு வகுத்துள்ள அளவு. அதாவது பாதி உயரத்துக்கும் குறைவு. இப்படிப்பட்ட பந்தை நிமிர்ந்து நின்று கையை மட்டும் வீசி அடிக்க முயல்பவர், அதைக் கீழிருந்து அள்ளுபவராகவே ஆகிவிடுவார்.

இனி அடியின் முறையைக் காண்போம். முதலில் பிடி. எதிரே நிற்பவரோடு கைகுலுக்குவது போல மட்டையின் கைப்பிடியைப் பற்றினால், உள்ளங்கை நோக்கும் திசையும் மட்டையின் முகம் நோக்கும் திசையும் ஒன்றாக அமையும். இது தொடக்கக்காரருக்கு மிகவும் உதவியானது. கை எங்கே போகிறதோ அங்கே பந்து போகும். இறுக்கம் மிகையாகக் கூடாது. பறவைக் குஞ்சைப் பிடிப்பது போல என்று சில பயிற்சியாளர் கூறுவர். எனக்கு அவ்வுவமை ஒட்டவில்லை. அப்படிப் பிடித்தால் மட்டை கைவிட்டுப் போய்விடும். கறிகாய்க் கடையில் முருங்கைக்காயைப் பிடித்துப் பார்க்கும் அளவு என்று சொல்வேன். அடிக்கும் கணத்தில் பிடி தானாகவே உறுதிப்படும்.

அடுத்தது திரும்புதல். எதிராளியின் மட்டையை விட்டுப் பந்து புறப்பட்டு நம் முன்கைப் பக்கம் வருகிறது என்று தெரிந்தவுடனே, கையைப் பின்னுக்கு இழுக்காமல் தோள்களையும் இடுப்பையும் ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மட்டையும் உடலோடு சேர்ந்து சிறிது பின்செல்லும். அதற்குமேல் பின்வாங்கல் வேண்டியதில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் மட்டை எப்போதும் தெரிய வேண்டும். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. இங்கே 44 அடிதான். பெரிய வீச்சுக்குக் காலம் இல்லை. இடக்கையைச் சும்மா தொங்கவிடாமல் வரும் பந்தை நோக்கி நீட்டினால், தோள் முழுவதும் திரும்புவதோடு, பந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற மதிப்பும் கண்ணுக்குக் கிட்டும்.

அடியின் வலிமை எங்கிருந்து வருகிறது? அம்மியில் அரைத்தவர்களைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். கைதேர்ந்தவர் முழங்கையால் அரைப்பதில்லை. உடலின் பாரத்தைக் குழவிமீது சாய்த்து முன்னும் பின்னும் அசைவார். கை அந்தப் பாரத்தைக் கொண்டு சேர்க்கும் வழி மட்டுமே. டிரைவும் அதுவே. முழங்கால்களை மடித்து, வலக்காலில் நிறுத்திய பாரத்தை இடக்காலுக்கு மாற்றும்போது, இடுப்பு முதலில் திரும்பும். தோள் அதைத் தொடரும். கை கடைசியாக வரும். இவ்வரிசை தலைகீழாகி, கை முதலில் புறப்பட்டால், முழு வேலையும் முழங்கையின்மீது விழுகிறது. என் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

பந்தைச் சந்திக்கும் இடம் உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும். இடக்காலின் நேருக்குச் சற்று முன்னே, முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில். மட்டையின் நுனி பந்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து முன்னும் மேலுமாக எழ வேண்டும். சுழலும் சைக்கிள் சக்கரத்தின் பின்புறத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தடவிவிடுவது போன்ற அசைவு அது. இதனால் பந்து முன்னோக்கி உருண்டுகொண்டே பறக்கும். அவ்வாறு உருளும் பந்தைக் காற்று கீழ்நோக்கி வளைக்கும். வலையைத் தாண்டிய பந்து வெளியே போகாமல் களத்துக்குள் இறங்குவது இதனால்தான். நரம்பு மட்டை தரும் அளவுக்குச் சுழற்சி இங்கே கிடைக்காது. கிடைக்கும் சிறு சுழற்சியே போதுமானது. மணிக்கட்டைச் சற்றுப் பின்மடித்து அப்படியே நிலையாக வைத்தல் நலம். அடித்தபின் மட்டையை நிறுத்திவிடாமல், எதிர்த்தோள் வரை தானே போகவிட வேண்டும்.

இவ்வளவையும் ஆடும்போது நினைவில் வைத்திருத்தல் எவராலும் இயலாது. வைக்க வேண்டியதும் இல்லை. தவறிப்போன பந்து எங்கே விழுந்தது என்று பாருங்கள். அது காரணத்தைச் சொல்லிவிடும். வலங்கையர் நேரே குறிவைத்த பந்து வலப்பக்கமாக விலகினால், பந்தைக் காலந்தாழ்ந்து சந்தித்தார் என்று பொருள். இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், முந்திவிட்டார். பின்கோட்டைத் தாண்டிப் பறந்தால், மட்டையின் முகம் வானத்தைப் பார்த்திருக்கும், அல்லது உடல் பின்னால் சாய்ந்திருக்கும். வலையின் அடியில் விழுந்தால், முழங்கால் மடங்கவில்லை. என் அனுபவத்தில் பத்தில் ஏழு தவறுகள் காலந்தாழ்தலே. அதற்கு மருந்து வேகமாக அடிப்பதன்று, முன்னதாகத் திரும்புவதே.

எங்கே அடிப்பது என்பதும் அடியின் ஒரு பகுதியே. வலை நடுவில் 2 அங்குலம் தாழ்ந்திருக்கிறது. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் களத்தின் நீளம் 48 அடிக்கு மேல் வருகிறது. ஆதலால் நடுவலையின்மேல் குறுக்காகச் செல்லும் பந்துக்கே பிழைக்க இடம் மிகுதி. ஓரக்கோட்டை ஒட்டி நேராக அடித்துக் கைதட்டல் பெற விரும்புவோர், உயர்ந்த வலையையும் குறுகிய களத்தையும் தாமே தேடிக்கொள்கிறார்கள். இரட்டையர் ஆட்டத்தில் எதிராளிகள் இருவருக்கும் நடுவே செலுத்திய பந்து, இது யாருடையது என்ற ஐயத்தை அவர்களிடையே எழுப்பும். கணவன் மனைவியாக ஆடுவோரிடம் இதன் பயன் சொல்லி முடியாது.

எதிராளிகள் கிச்சன் கோட்டருகே வந்து நின்றுவிட்டார்களானால், மார்பளவு உயரத்தில் செல்லும் டிரைவ் அவர்களுக்கு நாம் அளிக்கும் விருந்து. நல்ல ஆட்டக்காரர் அதனினும் உயர்ந்து வரும் வேகப் பந்தைத் தொடவே மாட்டார். விலகி நின்று வெளியே போகவிடுவார். எனவே முழு வலிமையில் முக்கால் பங்கு போதும், வலைக்கு மேல் ஒரு சாண் போதும். இடுப்புக்கோ வலத்தோளுக்கோ நேராகச் செல்லும் தாழ்ந்த பந்தைத் தடுப்பது கடினம். பந்து நம்மிடம் வலை மட்டத்துக்கும் கீழே தாழ்ந்து வந்தாலோ, ஓடி வந்து நிலைகுலைந்திருந்தாலோ டிரைவை நினைக்கவே கூடாது. கிச்சனுக்குள் மெல்ல இறங்கும்படி பந்தைத் தூக்கிவிடுவதே தக்கது. இதை அறியாமல் நான் அடித்த பந்துகளுக்காக என் கூட்டாளிகள் மார்பிலும் வயிற்றிலும் வாங்கியவை பல.

பழகுவதற்குத் துணை கிடைக்காதவர் சுவரைத் துணை கொள்ளலாம். தரையிலிருந்து 34 அங்குலத்தில் சாக்கட்டியால் ஒரு கோடும், அதற்கு மேல் 2 அடியில் இன்னொரு கோடும் இட்டு, 20 அடி தள்ளி நின்று, பந்தைக் கையிலிருந்து விழவிட்டு, எழும்போது அடியுங்கள். எண்ண வேண்டியது இரு கோடுகளுக்கு இடையே பட்ட பந்துகளை மட்டுமே. இருபதில் பதினைந்து படும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். மறுபுறம் குடியிருப்பவர் இல்லாத சுவராகப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தப் பந்தின் ஓசையால் அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்த செய்திகள் அமெரிக்காவில் ஏராளம்.

வயதில் மூத்த அன்பர்களுக்கு ஒரு சொல். தலைக்கு மேல் உயர்ந்து செல்லும் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னடி வைத்து ஓடாதீர்கள். இவ்வாட்டத்தில் பெரிய காயங்கள் நேரும் வழிகளுள் அது முதன்மையானது. உடலைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள். எட்டாவிட்டால் புள்ளியை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் உறுதி தரும் களக் காலணி அணியாமல் இறங்க வேண்டாம். முழங்கை வலி தொடங்கிவிட்டால், அடித்துச் சரியாக்கலாம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் ஆறு வாரம் மட்டையைத் தொடாமல் இருந்தேன். அந்நாள்களில் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, தாயி ஆடும்போது அவருடைய தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வலையைக் கடக்கும் முன்னரே ஒவ்வொரு முறையும் அது திரும்பியிருந்தது.