எண்ணிக் கொடுக்கும் மருந்து

சுவீடனில் நார்ஷோப்பிங் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் நெசவாலைகளுக்குப் பெயர்போனது. லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் கரிம மின்னணுவியல் ஆய்வகம் இன்று அங்கே இருக்கிறது. மேக்னஸ் பெர்க்ரென், டேனியல் சைமன் ஆகியோரின் குழு அங்கே ஒரு பம்பை உருவாக்கி வளர்த்திருக்கிறது. அதில் சுழலும் பாகம் இல்லை, வால்வு இல்லை. அதன் வாய் வழியே ஒரு துளி திரவம்கூட வெளியே வராது. ஆனால் மருந்து வரும்.

திரவம் வராமல் இருப்பது ஏன் பெரிய விஷயம்? மூளையைப் பாருங்கள். மாத்திரையாக விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அதற்குள் நுழைய முடியாது. இரத்தக் குழாய்ச் சுவர்களே வடிகட்டி நிறுத்திவிடும். சரி, நேராக ஊசியால் செலுத்தலாம் என்றால், கரைசலின் கனஅளவு மென்மையான திசுவைத் தள்ளி அழுத்தும். மண்டையோட்டுக்குள் கூடுதல் இடம் ஏது?

இங்கேதான் ஒரு பிளாஸ்டிக் கைகொடுக்கிறது. பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்று 1977-இல் காட்டியதற்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகவா மூவரும் 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்தது ‘பெடாட்-பிஎஸ்எஸ்’ என்ற கலவை. புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் இருக்க அதைப் பூசினார்கள். ஆனால் அதனிடம் இன்னொரு குணமும் இருந்தது. செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் மட்டுமே ஓடும். நம் உடலில் நரம்பும் இதயமும் இயங்குவதோ அயனிகளால், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாலும் மூலக்கூறுகளாலும். இந்த பிளாஸ்டிக் இரண்டையும் கடத்தும்.

பம்பின் அமைப்பு இதுதான்: ஒரு முனையில் மருந்துக் கரைசல், மறுமுனையில் திசு, நடுவே முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலத்தாலான பாதை. ஆரம்பகாலக் கருவிகளில் மின்முனைக்கும் பாதைக்கும் ஒரே பிளாஸ்டிக்தான். பாதையாக வேண்டிய பகுதியை மட்டும் வேதிமுறையில் வேண்டுமென்றே கெடுத்தார்கள். அதன் பிறகு அங்கே எலெக்ட்ரான் ஓடாது, அயனி மட்டும் ஓடும். ஒரு பொருளின் குறையையே பாகமாக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாதை முழுக்க எதிர்மின்னேற்றங்கள் அசையாமல் பதிந்திருக்கின்றன. எனவே எதிர்மின் அயனிகள் உள்ளே வர முடியாது. நேர்மின் அயனிகள் மட்டும் அந்த மின்னேற்றங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை திசுவை நோக்கி நகரும், கரைசல் இருந்த இடத்திலேயே இருக்கும். சொட்டுநீர்ப் பாசனத்தில் நீரை விட்டுவிட்டு உரத்தை மட்டும் வேரடியில் வைப்பது போன்ற வேலை இது.

இனிதான் உச்சம். ஒற்றை மின்னேற்றம் கொண்ட ஓர் அயனி வெளியேற, மின்சுற்றில் ஓர் எலெக்ட்ரான் ஓட வேண்டும். ஆகவே ஓடிய மின்சாரத்தை அளந்தால், போன மருந்து மூலக்கூறுகளை எண்ணியதாகிவிடும்! ஒரு நானோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஓடினால், நொடிக்குச் சுமார் 624 கோடி மூலக்கூறுகள். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? 500 மில்லிகிராம் எடையுள்ள மருந்தை அந்த வேகத்தில் இடைவிடாமல் செலுத்தினால், தீருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நடைமுறையில் மின்னோட்டத்தின் ஒரு பங்கை ஹைட்ரஜன் போன்ற வேறு அயனிகள் சுமந்துபோகும். அதையும் அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள்.

எல்லா மருந்தும் மின்னேற்றத்தோடு பிறப்பதில்லை. நரம்புகளின் துடிப்பை அடக்க நம் உடலே சுரக்கும் ‘காபா’ என்ற நரம்பியக் கடத்தி (நரம்புகளுக்கிடையே செய்தி சொல்லும் வேதிப்பொருள்) உடலுக்குள் மொத்தத்தில் மின்னேற்றமற்றது. அதை அமிலக் கரைசலில் வைத்தால் ஒரு ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டிக்கொள்ள, காபா நேர்மின் அயனியாகிவிடுகிறது. பாதையைக் கடந்து திசுவில் இறங்கியதும் அந்த ஹைட்ரஜனை உதறிவிட்டுப் பழைய காபாவாகவே வேலையைத் தொடங்குகிறது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்களோடு சேர்ந்து 2007-இல் செல்களிலும், 2009-இல் கினிப் பன்றியின் உட்செவியிலும் இந்த பம்பைச் சோதித்தார்கள். 2015-இல் நரம்புக் காயத்தால் வலியுற்ற எலிகளின் முதுகுத்தண்டில் பொருத்தினார்கள். காலிலிருந்து வரும் நரம்பின் கிளைகள் தண்டுவடத்தில் நுழையும் இடங்களுக்கு நேரே நான்கு வாய்கள். அங்கே காபா இறங்கியதும், விழித்த நிலையில் இயல்பாக நடமாடிய எலிகளிடம் வலியின் அறிகுறிகள் குறைந்தன. வலி நுழையும் வாசலிலேயே மருந்து காத்திருந்தது.

2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மல்லியாரஸின் குழு பாதையை மிகக் குறுக்கி, மருந்தை மூளையின் அருகிலேயே நிறுத்தியது. மூளையின் மின்துடிப்பைக் கேட்கும் மின்முனைகளும் அதே கருவியில் இருந்தன. சுண்டெலிகளில் வலிப்பு தொடங்கிய இடத்திலேயே காபாவைச் செலுத்தி அதை நிறுத்த முடிந்தது. லின்ஷோப்பிங் ஆய்வாளர்கள் செடியையும் விட்டுவைக்கவில்லை: புகையிலை இலையில் ஒரு தாவர ஹார்மோனைச் செலுத்தியதும் இலைத்துளைகள் மூடிக்கொண்டன.

இந்த மருத்துவச் சோதனைகளெல்லாம் ஆய்வகத்தில் செல்களிலும் விலங்குகளிலும் நடந்தவை. பெரிய மூலக்கூறுகள் பாதையில் எளிதில் நுழையாது என்பதால், இடைவெளி அதிகமுள்ள புதிய பாதைகளை வேதியியலாளர்கள் நெய்துகொண்டிருக்கிறார்கள். கருவியின் கெட்டித்தன்மையும் ஒரு தொல்லை. களிபோன்ற மூளைத் திசு அதன் உரசலில் தழும்பேறும்.

அதற்கு லின்ஷோப்பிங் குழுவும் லுண்ட் பல்கலைக்கழகத்தாரும் 2023-இல் சொன்ன விடை துணிச்சலானது: மின்முனையை வெளியே செய்து உள்ளே வைக்காமல், உடலுக்குள்ளேயே விளைவிப்பது. நொதிகள் கலந்த ஒரு கூழை ஜீப்ரா மீன்களின் மூளையிலும் இதயத்திலும் வால்துடுப்பிலும் செலுத்தினார்கள். மீனின் உடலில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரையைக் கொண்டு ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, இன்னொரு நொதி அதைக் கொண்டு கூழின் மூலக்கூறுகளைக் கோத்து, மின்சாரம் கடத்தும் மென்மையான வலையாக்கியது. கோக்கும் வேலையைச் செய்த அந்த இரண்டாம் நொதி, குதிரைமுள்ளங்கி என்ற செடியின் வேரில் இருப்பது.