பழைய பிக்கப்பின் ஸ்ரியரிங்: தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதும் பாகங்களை மாற்றுவதும்

கனடாவில் எம்மவர்கள் பலரின் பிழைப்பு ஒரு பழைய பிக்கப்பில் தங்கியிருக்கிறது. வீடு திருத்தும் வேலை, புல்வெட்டு, பனி அகற்றல் என்று எதை எடுத்தாலும் அந்த வாகனம் இல்லாமல் நடக்காது. கிழமை நாட்களில் ஏணியும் பலகையும் சுமக்கும் அதே வண்டியின் பின்னிருக்கையில்தான் சனிக்கிழமை பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள். எஞ்சினில் ஒரு சத்தம் கேட்டால் உடனே கராஜுக்கு ஓடுகிறோம். ஸ்ரியரிங் தளர்வதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. அது ஒரே நாளில் தளர்வதில்லை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்கிறது. கையும் அதோடு சேர்ந்து பழகிவிடுகிறது. வேறொருவர் வந்து அதே வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, இப்படி ஆடுது?" என்று கேட்கும்போதுதான் எமக்குத் தெரியவருகிறது.

இதில் சட்டமும் எமக்குப் பெரிதாகத் துணை வருவதில்லை. பிரித்தானியாவில் உள்ள உறவுகளின் வாகனங்கள் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குப் போகவேண்டும். ஜேர்மனியில் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக்கான சாதாரண பிக்கப்புக்கு அப்படி எதுவும் இல்லை. வாங்கி உங்கள் பெயரில் பதியும்போது பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லுபடியாகும். அதற்குப் பிறகு பத்து வருடம் ஓடினாலும் வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. வீதியில் கொட்டும் உப்பு மட்டும் குளிர்காலம் தவறாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எமது தெருக்களில் இன்றும் நிறையக் காணக்கூடிய ஒரு வண்டியை உதாரணமாக எடுப்போம்: 1999 முதல் 2006 வரையான செவர்லே சில்வராடோ, நான்கு சில்லும் இழுக்கும் வகை. புதிய கார்களில் இருப்பதுபோல் இதில் 'ராக்' முறை இல்லை. ஸ்ரியரிங் தண்டு ஒரு கியர் பெட்டிக்குள் போகிறது. பெட்டியிலிருந்து வெளியே வரும் கை பிற்மன் ஆர்ம். மறுபக்கத்தில் சட்டகத்தில் பூட்டியிருக்கும் அதன் சோடி ஐட்லர் ஆர்ம். இரண்டையும் குறுக்கே இணைக்கும் தண்டு சென்ரர் லிங்க். அதிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் போகும் தண்டுகள் ரை றொட், உள் முனை, வெளி முனை என்று இரண்டிரண்டு. இவை ஒவ்வொன்றின் மூட்டிலும் எமது தோள்மூட்டைப்போல ஒரு குண்டும் கிண்ணமும் இருக்கின்றன. றப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், உப்புத்தண்ணீர் உள்ளே போகும், மூட்டு தேயும். ஒரு மூட்டின் ஆட்டம் சிறிதுதான். ஆனால் ஐந்தாறு மூட்டுகளின் ஆட்டம் ஒன்றாகச் சேர்ந்துதான் கைக்கு வருகிறது.

பரிசோதனைக்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரைப் 'பார்க்'கில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். ஒருவர் ஸ்ரியரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றவர் பக்கவாட்டில் படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கவேண்டும். ஒரு தண்டு நகர்ந்தும் அதனோடு பூட்டிய அடுத்த தண்டு சற்றுத் தாமதித்து நகர்ந்தால் அந்த மூட்டு முடிந்துவிட்டது. இந்த வண்டியில் நாம் முதலில் பார்ப்பது ஐட்லர் ஆர்மைத்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு அதைக் கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்வது அதன் தொழில், மேலும் கீழும் துள்ளுவது தேய்மானம்.

அடுத்ததாக முன்சில்லைத் தூக்கவேண்டும். கீழ்க்கையின் அடியில் ஜக் வைத்துத் தூக்கி, சட்டகத்துக்கு உறுதியான ஸ்ராண்ட் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. மணிக்கூட்டின் 9, 3 இருக்கும் இடங்களில் சில்லைப் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம் பெரும்பாலும் ரை றொட் பக்கத்தைக் காட்டும். 12, 6 இல் பிடித்து அசைத்தால் வருவது போல் ஜொயின்ற் அல்லது சில்லின் பெயரிங். எது என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற். போல் ஜொயின்றில் ஆட்டம் கண்டால் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அது கழன்றால் சில்லு அப்படியே மடிந்து விழும். 401 இல் நூறு கிலோமீற்றர் வேகத்தில் அது நடந்தால் ஓட்டுநர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இங்கே ஒரு செலவு தவிர்ப்பு. இந்த வகை வண்டிகளில் மெதுவாகத் திருப்பும்போது ஸ்ரியரிங் தண்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தமும் துடிப்பும் வருவதுண்டு. இது பலருக்கும் பழக்கமான பிரச்சினை. காரணம் ரை றொட் அல்ல, ஸ்ரியரிங்கையும் கியர் பெட்டியையும் இணைக்கும் இடைத்தண்டு. முன்பக்கம் முழுவதையும் மாற்றிய பிறகும் அந்தச் சத்தம் அப்படியே இருக்கும்.

இனி மாற்றும் வேலை. முதல் நாளே எல்லா நட்டுகளையும் கம்பித் தூரிகையால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். வெளி ரை றொட்டைக் கழற்றுமுன் ஒரு மூட்டின் நடுவிலிருந்து மற்ற மூட்டின் நடுவரை நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நட்டில் கோர்த்திருக்கும் பின்னை இழுத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று புரி மிச்சம் வையுங்கள். மூட்டின் தண்டு கூம்பு வடிவில் இறுகியிருக்கும். தண்டின் தலையில் அடிப்பது வீண் வேலை. அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கத்தில் சுத்தியலால் இரண்டு மூன்று பலமான அடி போட்டால் 'பொக்' என்று விடும். கவைபோன்ற ஆப்பும் கடையில் கிடைக்கும், அது றப்பர் உறையைக் கிழித்துவிடும். தூக்கி எறியப்போகும் பாகமென்றால் பரவாயில்லை, திரும்பப் பூட்டப்போவதென்றால் பாவிக்க வேண்டாம்.

புதியதைப் பூட்டும்போது கூம்பையும் கண்ணையும் சுத்தமாகத் துடையுங்கள், அங்கே கிரீஸ் பூச வேண்டாம். நட்டை அந்த வண்டிக்கான கைநூலில் உள்ள அளவுக்கு முறுக்குமானியால் இறுக்குங்கள். பின்னின் துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோகலாம். துளைக்காக ஒருபோதும் தளர்த்தக்கூடாது. பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை எமது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடக் கை தானாகப் போகும். சில சதங்களுக்கு வாங்கும் பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் உறை சிறிது உப்பும்வரை கிரீஸ் ஏற்றுங்கள், வெடிக்கும்வரை அல்ல.

பிற்மன் ஆர்ம் சற்றுக் கடினமான ஆள். கியர் பெட்டியின் பல்தண்டில் அது மிக இறுக்கமாக இருக்கும். அதற்கென்று உள்ள பெரிய இழுப்பான் இல்லாமல் தொடவே வேண்டாம். பெட்டியின் தண்டில் சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் பாகங்கள் கெடும். இழுப்பானைச் சில உதிரிப்பாகக் கடைகள் பிணைப்பணத்துக்கு இரவல் தருகின்றன. ஐட்லரும் பிற்மனும் ஒரே அளவு ஓடியவை. ஒன்று தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே எமது ஆலோசனை.

இன்னொரு குறுக்குவழியும் நம்மவர்களிடையே பரவலாக உண்டு. கியர் பெட்டியின் மேலுள்ள திருகாணியை இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்பார்கள். உண்மையில் மூட்டின் ஆட்டம் அங்கேயேதான் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்ரியரிங் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திரும்பியபின் தானாக நேருக்கு வராது.

எல்லாம் முடிந்தபின் சில்லு நேர்த்தி செய்தே ஆகவேண்டும். நீங்கள் அளந்த நீளம் கராஜ்வரை மெதுவாக ஓட்டிப்போகத்தான் உதவும். முன்சில்லுகளின் கோணம் சில மில்லிமீற்றர் பிசகினாலும் புதிய ரயர் சில மாதங்களில் ஓரம் தேய்ந்துவிடும்.

இத்தனையையும் நீங்களே செய்யவேண்டும் என்பதில்லை. கராஜில் கொடுப்பதாக இருந்தாலும் இந்தப் பெயர்கள் தெரிந்திருப்பது பயன். "எந்த மூட்டு? ஆட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோரோடு பிள்ளைகள் கூடப் போகலாம். ஒன்ராறியோச் சட்டப்படி மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம், இறுதிக் கட்டணம் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. புதிய பாகங்களுக்கும் அவற்றைப் பூட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கலாம். வாங்கியதும் அந்தக் குண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். புதியது விறைப்பாக நகரும், தேய்ந்தது தொளதொளவென்று விழும்.