தோட்டாவில் தெரியும் அழுத்தக் குறிகள்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாக மலையேறினால் போனக்காடு. அகத்தியர்கூடம் போகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம். வெள்ளைக்காரர் போட்ட தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தவர்களில் நம் தமிழ் மக்கள் பலர். தொழிற்சாலை இன்று பாழடைந்து கிடக்கிறது. துரைமார் காலத்தில் இத்தகைய மலைத் தோட்டங்களில் வேட்டைத் துப்பாக்கி சாதாரணம். ஆனால் இங்கிலாந்துக் குளிருக்கு அளந்து அடைத்த கார்டைட் மருந்து, நம்ம ஊர் வெயிலில் கூடுதல் அழுத்தம் கொடுத்தது. சுட்ட கூடு குழலிலேயே இறுகிக்கொள்ளும். எதிரே காட்டெருமை நிற்கும்போது அது விளையாட்டா? அதனால்தான் கைனாக் கம்பெனி வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்துத் தோட்டா விற்றது. (அந்தக் கார்டைட் பின்னாளில் நீலகிரி அருவங்காட்டிலேயே தயாரானது.)

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன நம் பிள்ளைகள் சிலர் ரைபிள் கிளப்பில் சேர்ந்து, சுட்ட கூட்டிலேயே மறுபடி மருந்தடைக்கப் பழகுகிறார்கள். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே யாரும் முயலக் கூடாது.

அழுத்தம் மிஞ்சினால் கூடு காட்டிக்கொடுக்கும். கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர், அதாவது கேப்பு, விளிம்பு மழுங்கித் தட்டையாகும். ஊசி குத்திய குழியைச் சுற்றி வரம்பு எழும்பும். சில சமயம் ஓட்டையே விழும். பித்தளை அடியில் பளபளவென்று ஒரு தேய்ந்த தடம் தெரியும். போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கும். அடுத்த தடவை கேப்பு பொருத்தும்போது இடம் லொடலொடவென்று இருந்தால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும்.

ஆனால் கேப்பை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மெல்லிய கேப்பு சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும். ஊசித்துளை பெரிதாக இருந்தாலும் வரம்பு எழும்பும். கூட்டின் அடிக்குச் சற்று மேலே சுற்றி வரும் பளபளப்பான வளையமோ பெரும்பாலும் அழுத்தத்தால் வருவதல்ல. கூடு அறைக்குள் தளர்வாக இருந்து நீண்டதன் அடையாளம். அதைத் தாண்டிச் சுட்டால் கூடு இரண்டாகப் பிரியும்.

இதைவிட முக்கியமானது, குறியே தெரியாத ஆபத்து. பழைய .303 தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வைத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு. பித்தளையோ பொதுவாக 65,000-க்கு மேலேதான் தெளிவாகக் குறி காட்டும். .308 வின்செஸ்டருக்கு வரம்பே 62,000 என்பதால் ஓரளவு பரவாயில்லை. தாத்தா காலத்து .303 ரைபிளில் கூடு சுத்தமாக வெளியே வந்தது என்பதால் மட்டும் "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்று நினைத்தால், வரம்பைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் முதல் குறியே தெரியும்.

ஆகவே அச்சிட்ட அளவுப் புத்தகத்தின் தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறிது சிறிதாகத்தான் ஏற வேண்டும். புத்தகத்தின் உச்ச அளவு தாண்டக் கூடாத கோடு. கேப்பு, குண்டு, கூடு எது மாறினாலும் மறுபடி கீழிருந்தே தொடங்க வேண்டும். வேகமானி வாங்குவது நல்லது. புத்தகம் சொல்வதைவிட வேகம் கூடினால் அழுத்தமும் கூடியிருக்கிறது என்று பொருள்.

வெயிலையும் மறக்கக் கூடாது. காலைக் குளிரில் சோதித்த தோட்டாவை மதியம் காரின் கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டு எடுத்துச் சுட்டால், கூடு துரைமாருக்கு இறுகிய மாதிரியே இறுகும். அப்படி இறுகினால் சுத்தியலால் போல்ட்டை அடிக்காமல், அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட வேண்டும்.