வெள்ளைக் கழிச்சலும் மருந்தின் அளவும்

குடியானவர் வீட்டுக் கோழிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகும் வெள்ளைக் கழிச்சலுக்கு, 1927-ஆம் வருஷத்தில் அது காணப்பட்ட குமாவோன் மலையூரையொட்டி ராணிக்கெட் நோய் என்றும் பெயருண்டு. அதைத் தடுக்கும் மருந்து இரு வகைப்படும். வலுக்குறைத்த உயிருள்ள விஷக்கிருமியாலாவது ஒன்று. அக்கிருமி கோழியின் உடலில் தானே பெருகி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். கிருமியைக் கொன்று செய்வது மற்றொன்று. செத்த கிருமி பெருகாது. தனியே செலுத்தினால் விரைவில் சிதைந்துபோம். ஆகையால் அதனைத் தாது எண்ணெயுடன் குழம்பாகக் கலக்கிறார்கள். எண்ணெயானது குத்திய இடத்திலேயே தங்கி, மருந்தைச் சிறுகச் சிறுக விடுவதோடு, உடலின் காவல் அணுக்களையும் அவ்விடத்திற்கு வரவழைக்கிறது. இதனால் சக்தி பல மாதம் நிற்கும். முன்னரே உயிருள்ள மருந்து பெற்ற கோழிக்கு இதைக் குத்தினால் பலன் இன்னும் அதிகம்.

சிக்கனம் கருதிச் சிலர் ஐம்பது கோழிக்குரிய மருந்தை நூற்றுக்குப் பங்கிடுகின்றனர். இது சிக்கனமன்று. நூறும் அரைகுறையாகவே காக்கப்படும். நோய் வந்தபின் கோழி போய், கோழி வாங்கிய கடன் மாத்திரம் மிஞ்சும். அளவை மிகுத்தாலோ, அதற்குத் தக்கபடி பலன் மிகுவதில்லை. எண்ணெய் மருந்தானால் குத்திய இடம் கட்டிக்கொள்ளவுங் கூடும்.

குஞ்சுகளுக்குத் தாயிடமிருந்து முட்டை வழியே வந்த எதிர்ப்புப் பொருள், முதல் சில நாட்களில் உயிருள்ள மருந்தையே அழித்துவிடும். ஆதலால் ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விட்டாலும், பின்னர் மறுமுறையும் கொடுத்தல் அவசியம். எண்ணெய் மருந்தைக் குளிரில் வைக்கலாம், உறைய விடலாகாது. உறைந்தால் குழம்பு பிரிந்துவிடும்.