ஒரே ஊசியில் எத்தனை நோயை அடக்கலாம்?

புதுச்சேரியில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குக் கோமாரி ஊசி புதிதல்ல. "இதோட தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் சேர்த்தே போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான ஆசைதான்; மூன்றுக்கும் சேர்ந்த ஊசி சந்தையிலும் இருக்கிறது. ஆனால் எந்த மருந்தையும் எதனோடும் சேர்த்துவிட முடியாது.

கோமாரிக்குள்ளேயே மூன்று

கோமாரி ஒரே நோய்தான், அதைத் தரும் வைரஸ் பல வகை. ஒரு வகையிலிருந்து தேறிய மாடு இன்னொன்றால் மறுபடி படுப்பதைக் கண்டு, 1922-இல் பிரான்சில் வலே, கார்ரே என்ற இரு ஆய்வாளர்கள் ஓ, ஏ என்று வகை பிரித்தார்கள். நம் ஊசியில் இப்போது ஓ, ஏ, ஆசியா-1 மூன்றும் உண்டு. சி வகை இந்தியாவில் 1995-க்குப் பிறகு தென்படவில்லை, அதை எடுத்துவிட்டார்கள். வராத நோய்க்கு ஊசியில் எதற்கு இடம்?

உடம்புக்குள் நடக்கும் போட்டி

ஊசி மருந்தில் இருப்பது கிருமியின் அடையாளக்கூறு, அதாவது ஆன்டிஜென். அதைப் பிடித்துக் காட்டும் செல்களும், எதிர்ப்பொருள் உருவாகத் துணை நிற்கும் டி செல்களும் அளவோடுதான் இருக்கின்றன. பல ஆன்டிஜென்கள் ஒன்றாக வந்தால் வலுவாகத் தூண்டுவது முந்திக்கொள்ளும். மற்றவற்றுக்கு எதிர்ப்பொருள் குறையும், அல்லது சீக்கிரம் வடிந்துவிடும்.

ஆடுகளின் குளம்பு அழுகல் நோயில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒன்பது பத்து வகைக் கிருமிகளை ஒரே ஊசியில் அடைத்தபோது எதற்குமே பாதுகாப்பு நீடிக்கவில்லை. நேபாளத்தில் மந்தையில் உண்மையாக இருந்த வகைகளுக்கு மட்டும் ஊசி போட்டு, ஒரு வட்டாரத்திலிருந்தே நோயை விரட்டினார்கள்.

நம் பிள்ளைகளின் போலியோ சொட்டு மருந்திலும் இதை ஒத்த ஒரு சிக்கல். இரண்டாம் வகை வைரஸ் குடலில் மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளியது. அதை விட்டுவிட்டு, ஒன்று, மூன்று வகைகள் மட்டும் கொண்ட சொட்டு மருந்தை 2010-இல் இந்தியா முகாம்களில் கொண்டுவந்தது.

கூட்டு ஊசி வேண்டாமா?

தாராளமாகப் போடலாம். எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சோதித்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். இரண்டு புட்டி மருந்தை நாமே ஒரே சிரிஞ்சில் உறிஞ்சுவதுதான் ஆபத்து. ஒன்றின் பதப்பொருள் மற்றதைக் கெடுத்துவிடலாம். தனித்தனி ஊசிகளுக்கு இடையே எத்தனை நாள் விடுவது என்பதை மாட்டாஸ்பத்திரியிலோ, குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முகாமுக்குப் போகும்போது

உள்ளதைச் சொன்னால், ஊசி பலிக்காமல் போவதற்கு இந்தப் போட்டியைவிடக் குளிர் காக்காத மருந்தும் தவறவிட்ட தவணையும்தான் பெரும்பாலும் காரணம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. கன்றுக்கு நான்காம் மாதம் முதல் கோமாரி ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நிற்கும் மாட்டுக்கு அன்று வேண்டாம். தொண்டை அடைப்பானுக்கு ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே போட்டுவிடுங்கள். ஊசி போட்டபின் ஓரிரு நாள் பால் குறையலாம். அதற்குப் பயந்து அடுத்த தவணையைத் தள்ளாதீர்கள்.