உங்களுக்குத் தெரியுமா? தராசே சொல்லும் சரீரத்தின் கனஅளவு

பாரிஸ் மாநகரில் ஈழத் தமிழ் வணிகர்களின் கடைகள் நெருங்கி நிற்கும் லாச்சப்பல் வட்டாரத்திலே, முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நிறுத்து வாங்கிச் செல்வோருள் எத்தனைபேர், தம்முடைய சரீரத்தின் கனஅளவையும் ஒரு தராசைக் கொண்டே அறிந்துவிடலாம் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்? உபாயம் மிக எளிது: நிறை எத்தனை கிலோவோ, ஏறக்குறைய அத்தனை லிட்டரே உடலின் கனஅளவு.

மனித தேகத்தின் பெரும்பகுதி ஜலமாதலின், அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே நிற்கிறது என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொன்றோ இதே பாரிஸில் பிறந்தது. புரட்சிக்குப் பின் 1795ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறையையே கிராம் என்று விதிக்க, அதன் ஆயிரம் மடங்கைப் பிளாட்டினத்தில் வடித்து 1799இல் ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். லிட்டருக்குக் கிலோ என்னும் பொருத்தம் தற்செயலன்று; அது மனிதர் வகுத்த பிரமாணம்.

நுட்பம் வேண்டுவோர் ஒன்றைக் கருதவேண்டும்: நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.9, தசை, எலும்பு முதலிய ஏனையவற்றின் சராசரி சுமார் 1.1. நுரையீரற்காற்றை நீக்கிக் கணக்கிட்டால் உடலின் அடர்த்தி 1.05ஐ ஒட்டி நிற்கும். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாலோ 1க்குச் சற்றுக் கீழே இறங்கும். நீரில் மல்லாந்து மிதப்பவரின் ரகசியம் அதுவே.

துலாபாரத்தில் 70 கிலோ எடையுள்ளவருக்கு ஈடாக நீரை வைப்பதானால் 70 லிட்டர் வேண்டும். அவரே நிறைந்த தொட்டியொன்றில் முழுகினால் வழிந்தோடுவதும் ஏறத்தாழ அவ்வளவே.