ஆமை இருந்த வாளி

மழை பெய்து ஓய்ந்ததும் நம் தோட்டப்புறச் சாலைகளில் ஆமைகள் ஊர்ந்து வருவதைக் காண்கிறோம். வண்டியில் அடிபடாமற் காக்க, வாளியிலிட்டுச் சென்று மறுபுறத்து நீரோரத்தில் விடுகிறோம். நல்ல செயலே. ஆனால் அவ்வாளி பிறகு எங்கே செல்கிறது? பெரும்பாலும் சமையலறைக்கே!

நலமாகத் தோன்றும் ஆமையின் குடலிலும் 'சால்மோனெல்லா' எனும் கிருமி இருக்கக்கூடும். அது காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். சிறு குழந்தைகளைக் கடுமையாக வருத்தும். இதன் பொருட்டே 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஓடு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து விளையாடினராம்! மேலும், ஓர் ஆமையின் நோய் கழுவாத வாளி வழியாக மற்றோர் ஆமையையும் பற்றும்.

வாளியைக் கொல்லைப்புறத்தில் வைத்து, முதலில் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பலர் இதனை விடுத்து, நேரே 'குளோராக்ஸ்' போன்ற வெளுப்பு நீரை ஊற்றுகின்றனர். சேறும் எச்சமும் இருப்பின் மருந்தின் வீரியம் அவற்றிலேயே செலவழிந்துவிடும்; கிருமி பிழைத்துக்கொள்ளும். சவர்க்காரம் நீங்க அலசிய பின்னர், ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெளுப்பு நீர் கலந்து, உட்புறம் முழுதும் 10 நிமிடம் நனைந்திருக்கச் செய்தல் வேண்டும். கலவை அன்றன்று செய்ததாக இருக்கட்டும். அதனுடன் புளிக்காடியையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்த்தலாகாது, நச்சுவாயு கிளம்பும். கையுறையணிந்து பெற்றோரே இதனைச் செய்க. மாணவர்கள் தம் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும்.

பயன்படுத்திய கலவையை ஓடையில் கொட்டினால் மீன்கள் மடியும்; கழிவறையில் ஊற்றிவிடுவோம். நன்கு அலசிய வாளியை வெயிலில் காயவைத்து, 'ஆமை' என்று பெரிதாக எழுதிக் கொல்லையிலேயே கவிழ்த்து வைப்போம்.